சக்கரம் புழங்கிய ஊரில் வங்கி நோட்டு

1862 மார்ச் 1-ஆம் தேதிக்கு முன்பு பிரிட்டிஷ் இந்தியாவில் காகிதப் பணம் என்றால் அது ஏதோ ஒரு வங்கி எழுதிக் கொடுத்த வாக்குச் சீட்டுதான். கேட்டவுடன் இத்தனை ரூபாய் தருகிறோம் என்று அச்சடித்து, எண்ணையும் தேதியையும் மையால் எழுதி, வங்கி அதிகாரிகள் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் வெள்ளி ரூபாய் கிடைக்க வேண்டும். எனவே அதன் மதிப்பு, வங்கியின் நாணயத்தையும் வங்கி இருக்கும் தூரத்தையும் பொறுத்தே இருந்தது. கல்கத்தாவில் நூறு ரூபாயாகச் செல்லும் சீட்டு, இரண்டு மாவட்டம் தாண்டினால் வட்டம், அதாவது தள்ளுபடி, கழித்துத்தான் செல்லும். அதற்கும் அப்பால் வாங்கிக்கொள்ள ஆளே இருக்காது.

இந்த வழக்கம் கல்கத்தாவில் தொடங்கியது. அலெக்சாண்டர் கம்பெனி என்ற வணிக நிறுவனம் 1770-இல் ஏற்படுத்திய ஹிந்துஸ்தான் வங்கி 1832 வரை நோட்டு வெளியிட்டது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வந்த வங்காள–பீகார் பொது வங்கி 1773 முதல் 1775 வரை, இரண்டே ஆண்டுகள் நடந்தது. பிறகு மூன்று மாகாண வங்கிகள் வந்தன: 1806-இல் கல்கத்தா வங்கியாகத் தொடங்கி 1809-இல் பெயர் மாறிய வங்காள வங்கி, 1840-இல் பம்பாய் வங்கி, 1843 ஜூலை 1-இல் மதராஸ் வங்கி. மூன்றிலும் அரசுக்குப் பங்கு இருந்ததால், முழுத் தனியார் என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் நோட்டை மாற்றிக் கொடுக்கும் கடமை வங்கியுடையது, அரசுடையது அல்ல. சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனி வகையாக வைப்பதற்கு அதுவே காரணம்.

மதராஸ் வங்கி நோட்டில் இருந்த படம் சர் தாமஸ் மன்றோவுடையது. 1827-இல் காலமான ஆளுநர் அவர். நிலவரி என்றாலே தமிழ்நாட்டு உழவர்களுக்கு நினைவு வந்த பெயர். சென்னைக் கடற்கரையை ஒட்டி இன்று ஸ்டேட் வங்கி இருக்கும் சிவப்புக் கட்டடத்தில்தான் அந்த நோட்டுகள் மாற்றப்பட்டன என்று நினைத்துக்கொள்வது எளிது. ஆனால் நம்பெருமாள் செட்டியார் அந்தக் கட்டடத்தை எழுப்பியது 1890-களில். நோட்டு வெளியிடும் உரிமை அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வங்கியின் கையை விட்டுப் போயிருந்தது.

சக்கரம் புழங்கிய செங்கோட்டைக்கு அந்த நோட்டு வர, சென்னையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். தூரம் போதாதென்று எல்லையும் குறுக்கே நின்றது. கிழக்கே தென்காசியும் குற்றாலமும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியில். செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூர் மன்னரின் நிலம், பிறகு 1956 நவம்பர் 1 வரை திரு–கொச்சியின் நிலம். திருவிதாங்கூர் அரசு தனக்கென்று நாணயம் அடித்தது, நோட்டு அச்சடிக்கவில்லை. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரம், எட்டுக் காசு, எல்லையோரக் கடைக்காரர் கணக்கில் நாள்தோறும் வந்துபோனது. தென்காசிச் சந்தையில் ரூபாய்க்கு விற்றுவிட்டு, செங்கோட்டைக்குத் திரும்பிச் சக்கரத்தில் செலவழித்தவர் அதை மறந்திருக்க முடியாது.

வெள்ளிச் சக்கரம் அரை கிராமுக்கும் குறைந்த எடை உள்ள பொடி நாணயம். நூறு சக்கரத்தை ஒவ்வொன்றாக எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதற்காகவே சக்கரப் பலகை இருந்தது. கனமில்லாத மரப் பலகையில் சக்கரத்தின் அளவுக்கே வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டியிருப்பார்கள். நாணயத்தை அள்ளிப் பலகையில் கொட்டி, இலேசாகக் குலுக்கி, கையால் தடவிவிட்டால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துகொள்ளும். மிச்சத்தை வழித்து எடுத்துவிட வேண்டியதுதான். எல்லாக் குழியும் நிறைந்திருந்தால் தொகை சரி. கஜானாவிலும் கோயிலிலும் வட்டிக்கடையிலும் இந்தப் பலகை இருந்தது. பின்னாளில் ஒரு சக்கரம் செம்பிலும் அடிக்கப்பட்டது, அது கையில் பிடிக்க வாகாக இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் மன்றோ படம் போட்ட காகிதத்துக்கு வேலை அதிகம் இருந்திருக்க வழியில்லை. மலை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கும், கிழக்கே தூத்துக்குடிக்கும் பெருந்தொகை அனுப்ப வேண்டிய வியாபாரிக்கு உண்டியல் இருந்தது. அங்கே இருக்கும் கூட்டாளியின் பேருக்கு எழுதிய ஒரு கடிதம்; எழுதியவரையும் தெரியும், பணம் தருபவரையும் தெரியும். முகம் தெரியாத வங்கியின் நோட்டைவிட அது பத்திரமானது.

1861-ஆம் ஆண்டுக் காகித நாணயச் சட்டம் வங்கிகளின் உரிமையை எடுத்து அரசிடம் கொடுத்தது. விக்டோரியா அரசியின் தலை பொறித்த, ஒரு பக்கம் மட்டும் அச்சான அரசு நோட்டுகள் வந்தன. அவையும் தூரத்தின் பிடியிலிருந்து தப்பவில்லை. நாட்டை வட்டங்களாகப் பிரித்து, ஒரு வட்டத்தின் நோட்டு அந்த வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும் என்று வைத்தார்கள். மதராஸ் வட்டத்துக்குக் கீழே கோழிக்கோடும் திருச்சியும் விசாகப்பட்டினமும் துணை அலுவலகங்கள். ஐந்து ரூபாய் நோட்டு 1903-இல் பர்மா நீங்கலாக எங்கும் செல்லும் நோட்டாயிற்று. பத்தும் ஐம்பதும் 1910-இல், நூறு 1911-இல். செங்கோட்டைக்கு ரயில் வந்ததும் அதே பத்தாண்டில்தான். 1904-இல் புனலூர் வரை மலைப்பாதை திறந்து, திருநெல்வேலியும் கொல்லமும் ஒரே இருப்புப்பாதையில் இணைந்தன. தூரத்து நோட்டை வாங்கத் தயங்கியவர்களின் தயக்கம் குறைந்ததில் சட்டத்துக்கு எவ்வளவு பங்கோ, ரயிலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அதுவரை தபாலில் நோட்டு அனுப்பியவர்கள் அதை இரண்டாக வெட்டி அனுப்பினார்கள். முதல் பாதி சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறுபாதி புறப்படும். வழியில் திருடியவனுக்கு ஒரு பாதியால் பயனில்லை. இன்று ஏலத்துக்கு வரும் விக்டோரியா நோட்டுகளில் கணிசமானவை இப்படி வெட்டி ஒட்டியவை, அல்லது ஒற்றைப் பாதிகள். முழு நோட்டின் விலை அவற்றுக்கு வராது. ஆனால் இரு பாதியிலும் எண் ஒன்றாக இருந்தால், ஒட்டிய நோட்டுக்கும் வாங்குவோர் உண்டு.

மதராஸ் வங்கி நோட்டு இன்று ஏன் கண்ணில் படுவதே அபூர்வம் என்ற கேள்விக்கு விடை, அந்த வங்கி நொடிக்கவில்லை என்பதுதான். உரிமை போனதும் வெளியிலிருந்த நோட்டுகள் வங்கிக்குத் திரும்பி, பணமாகி, ரத்து செய்யப்பட்டு அழிந்தன. வங்கி 1921-இல் இம்பீரியல் வங்கியிலும், அதன் வழியாக 1955-இல் ஸ்டேட் வங்கியிலும் கலந்தது. கொடுத்தால் வெள்ளி ரூபாய் கிடைக்கும் காகிதத்தை யாரும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டவில்லை. எஞ்சியவை பெரும்பாலும் மாதிரி அச்சுகளும், ரத்து முத்திரை விழுந்த படிகளும்தான்.

இலங்கையில் நடந்தது இதற்கு இன்னும் நல்ல சான்று. காப்பித் தோட்டங்களை நோய் தின்ற பிறகு, அவற்றுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. தோட்டத் தமிழர் கூலியும், கொழும்புச் செட்டிமார் வியாபாரமும் அந்த வங்கியின் நோட்டில் நடந்துகொண்டிருந்தன. ஆளுநர் ஆர்தர் கார்டன் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு இலங்கை அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது. வங்கி போனாலும் நோட்டுகள் பணமாகித் திரும்பிவிட்டதால், இன்று அவையும் அரியவை. அமெரிக்காவில் நேர்மாறு. 1837 முதல் 1863 வரை மாநில வங்கிகள் நூற்றுக்கணக்கில் முளைத்து, பலவும் நொடித்தன. மாற்ற இடமில்லாத நோட்டுகளும், கையொப்பமே படாமல் கிடந்த தாள்களும் கட்டுக்கட்டாக எஞ்சின. நூற்றெழுபது வயதானாலும் அவற்றில் பலவும் இன்று மலிவு. பழமையை மட்டும் வைத்து விலை சொல்பவர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்.

விலையை முடிவு செய்யும்போது முதலில் பார்ப்பது, அது எந்த வங்கியின் எந்த வெளியீடு, இன்று எத்தனை தெரிய வந்திருக்கின்றன என்பதை. அடுத்தது நிலை. பழைய நோட்டுகளைக் குண்டூசி குத்திக் கட்டாக வைப்பார்கள். ஆகவே ஊசித் துளை இருப்பது குறையாக எண்ணப்பட்டாலும் சந்தேகத்துக்குரியதல்ல. துவைத்து, இஸ்திரி போட்டு மடிப்பை மறைத்த நோட்டுதான் ஆபத்து. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பழைய மடிப்பின் கோடு தெரியும், நீரெழுத்து மங்கியிருக்கும், தாள் மொடமொடப்பை இழந்திருக்கும். எண்ணும் கையொப்பமும் மையால் எழுதியவையாக இருக்க வேண்டிய வெளியீட்டில் அவையும் அச்சாக இருந்தால், அது நினைவுப் பொருளாக அடித்த நகல். பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். செதுக்குத் தட்டில் அச்சான கோடு கூர்மையாக இருக்கும், இன்றைய அச்சு புள்ளி புள்ளியாகச் சிதறும்.

செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீட்டுப் பெட்டிகளில் தேடினால் சக்கரமும், அதோடு சில வங்கித் தாள்களும் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். திருவிதாங்கூர் நாணயங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. 1112 என்று கண்டு தொள்ளாயிரம் வருடத்துக் காசு என்று மகிழ்பவருக்கு, அது 1936–37 என்று சொல்ல வேண்டியிருக்கும். வங்கித் தாள்களில் பேசப்படுபவை திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியுடையவை. 1937-இல் இரு வங்கிகள் இணைந்து உருவான அது, 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அந்த வங்கிக்கு நோட்டு என்று ஒன்று கிடையாது. காசோலை, பாஸ்புத்தகம், பங்குப் பத்திரம் இவைதான் எஞ்சியவை. நோட்டைப் போலவே இவற்றையும் நிலை, கையொப்பம், கிளையின் பெயர் பார்த்து வாங்குகிறார்கள். சிறு கிளையின் பெயர் அச்சான காசோலைக்குத் தலைமை அலுவலகக் காசோலையைவிடக் கூடுதல் கேட்பார்கள். நூறாண்டு கடந்த நாணயமானால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வாங்கவும் விற்கவும் தடையில்லை, ஆனால் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்.