படம் தட்டில் அடங்கிய வரலாறு



பாலோ வட்டாரத்துத் தோட்டங்களை விட்டுப் பட்டணம் போய்விட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு, பழைய லயத்து வீடும் கோயில் திருவிழாவும் இன்று ஒரு வீடியோ நாடாவில்தான் மிச்சம். நாடாவில் பூஞ்சணம் பிடிப்பதற்குள் அதை டிவிடி தட்டில் ஏற்றிவிடப் பலரும் முயல்கிறார்கள். ஏற்றிய தட்டு அண்ணன் வீட்டில் ஓடுகிறது. தம்பி வீட்டில், காவடி ஆடும் இடம் வந்ததும் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. தட்டைத் திட்டுகிறோம், பெட்டியைத் தட்டுகிறோம். பல வேளைகளில் குற்றம் ஓர் எண்ணில் இருக்கிறது. ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை பிட் என்பதே அந்த எண். ஒன்று அல்லது சுழி, இந்த இரண்டில் ஒரு குறிதான் பிட் என்பது.

நம் நாட்டுத் தொலைக்காட்சிப் படத்தை அப்படியே குறிகளாக மாற்றினால் நொடிக்கு 16 கோடி பிட்டுக்கு மேல் வரும். டிவிடி தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். அந்தக் கணக்கில் நான்கு நிமிடப் படம்கூட அதில் அடங்காது. ஆகவே படத்தைச் சுருக்க வேண்டியிருந்தது.

அந்த வழிக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1972இல் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஆயினும் தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும் கணக்கு அது. பின்னாளில் வந்த விசிடி, டிவிடி இரண்டுமே அதன்மேல் நிற்பவை. நடராஜன் என்ற பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் ஏறவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

1993இல் விசிடி வந்தது. பாட்டுத் தட்டு படிக்கும் வேகத்திலேயே அதையும் படித்தாக வேண்டும். ஆகவே படத்துக்கு நொடிக்கு 11.5 லட்சம் பிட், மாறாத அளவு. ஒரு தட்டில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு இரண்டு தட்டும் போதவில்லை! சண்டைக் காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைந்ததும் அந்தக் குறைந்த அளவால்தான்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒரு முழுப்படம், 135 நிமிடம், தட்டின் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று ஹாலிவுட் நிறுவனங்கள் முன்பே கேட்டிருந்தன. அவர்கள் படத்துக்கு எடுத்த அளவு அது. நம் படத்தின் நீளத்துக்கு எடுத்ததல்ல. காட்சிக்கேற்ப பிட் அளவு ஏறி இறங்கவும் இதில் வழி உண்டு. சாமி சிலை அசையாமல் நிற்கும்போது கொஞ்சம் போதும். கூட்டமும் காவடியும் சுழலும்போது நிறைய வேண்டும். உச்ச வரம்பு, படத்துக்கு மட்டும் 98 லட்சம்.

வரம்பு 98 என்றால் 98 வைத்தால் என்ன? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் வாங்கும் படத்தட்டு அச்சில் அழுத்தியது. அதில் பள்ளங்கள் உண்டு. நாம் பதியும் தட்டிலோ சாயத்தின் மேல் ஒளிக்கதிர் இட்ட தடங்கள்தான். பழைய பெட்டிகளுக்கு அவற்றைப் படிப்பது கடினம். ஓரிடம் பிசகினால் பெட்டி திரும்பப் படிக்கிறது. அதற்குள் கையிருப்பு பிட்டுகள் தீர்ந்துவிட்டால் படம் நிற்கும். பிட் அளவு உச்சத்தில் இருக்கும்போது கையிருப்பும் விரைவில் தீரும். காவடிக் காட்சியில் திக்குவது இதனால்தான்.

ஒரு மணி நேர நாடா என்றால் 3,760 கோடியை 3,600 நொடியால் வகுத்து, நொடிக்கு 104 லட்சம் இடம் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். வரம்பையே தாண்டிய எண் அது. சராசரி 50 முதல் 60 லட்சம், உச்சம் 80 லட்சத்துக்குள் என்று வைத்தால் பெரும்பாலான பெட்டிகளில் ஓடும். தட்டில் காலியிடம் கிடந்தால் கிடக்கட்டும். மூன்று மணி நேர நாடாவை ஒரே தட்டில் திணித்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 35 லட்சத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், காவடி கலங்கிப்போகும். இரண்டு தட்டாகப் பிரித்துவிடுங்கள், பூசை ஒன்றில், ஊர்வலம் ஒன்றில். பதிந்த தட்டை வீட்டிலுள்ள மிகப் பழைய பெட்டியில் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை நாடாவை எறிய வேண்டாம்.