அம்மோனியக் கடத்திகள்

உயிரணுவின் சவ்வைத் தாண்டி அம்மோனியாவையோ அம்மோனியம் அயனியையோ கொண்டுசெல்லும் புரதங்கள். இவற்றைத் தாவரங்களிலும் பாக்டீரியாக்களிலும் ‘ஆம்ட்’, பூஞ்சைகளில் ‘மெப்’, விலங்குகளில் ‘ஆர்எச்’ என்பர். இரத்த வகைக்குப் பின்னால் எழுதும் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ இக்குடும்பத்துப் புரதம் ஒன்று இருப்பதையும் இல்லாததையும் குறிப்பவை.

1940-ல் லான்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தனர். அதன்பின் அரை நூற்றாண்டு அது இரத்த வங்கியின் சொல்லாகவே இருந்தது.

1994-ல் பிரசல்ஸில் மரினி, ஆந்த்ரே குழுவினர் ஈஸ்டில் முதல் மெப் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டு ஃப்ரோமர் குழுவினர் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் ஆம்ட் மரபணுவைக் கண்டனர். அதைப் பிடித்துக் கொடுத்ததும் ஈஸ்ட்தான். ஈஸ்டில் மெப் மூன்று உண்டு. மூன்றையும் நீக்கிவிட்டால், வேறு நைட்ரசன் இல்லாமல் அம்மோனியமும் 5 மில்லிமோலாருக்குக் குறைந்த ஊடகத்தில் அது வளராது. 1997-ல் ஆர்எச் புரதங்களின் அமினோ அமில வரிசை மெப், ஆம்ட் வரிசைகளை ஒத்திருப்பதை மரினி குழு சுட்டிக்காட்டியது. ஒற்றுமை சொற்பமே. 2000-ல் அந்த ஊனமுற்ற ஈஸ்டுக்குள் மனித ஆர்எச் மரபணுக்கள் இரண்டைத் தனித்தனியே செலுத்திப் பார்த்தனர். பட்டினி கிடந்த ஈஸ்ட் தழைத்தது. சிறுநீரகத்திலும் சிவப்பணுவிலும் இருப்பது ஈஸ்டின் பங்காளி என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

2004-ல் ஈ. கோலை பாக்டீரியாவின் ஆம்ட்பி புரதத்தின் வடிவம் தெரிந்தது: மூன்று மூன்றாகக் கூடிய குழாய்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் இரண்டு. இரத்த வகையைத் தீர்மானிக்கும் ஆர்எச்டி புரதத்தில் அந்த இரட்டை ஹிஸ்டிடின் இல்லை. அது கடத்தும் வேலையைக் கைவிட்டிருக்கலாம்.

இக்குடும்பத்தின் கிளைகள் பிரிந்த வரிசை குறித்துக் கருத்தொற்றுமை இல்லை. பூஞ்சைகளின் மெப் மூதாதை வழி வந்ததன்று, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களிடமிருந்து குறுக்கே தாவி வந்தது என்பர் ஒரு சாரார். முதுகெலும்பிகளில் ஆம்ட் இல்லை. பூக்கும் தாவரங்களில் ஆர்எச் இல்லை. கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப்பாசியில் இரண்டும் உண்டு. அதன் ஆர்எச் கார்பன் டைஆக்சைடுக்கான வழி என்றும் ஒரு வாதம் உண்டு.

நெல்லில் ஆம்ட் மரபணுக்கள் 10 என்றும் 12 என்றும் கணக்குகள் உள்ளன. தென்கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் வாழையும் மரவள்ளியும் ஏறாமல் எஞ்சிய ஏலாக்கள் என்னும் நெல்வயல்களில், தேங்கிய நீருக்கடியில் காற்றுப் புகாத சேற்றில் நைட்ரசன் பெரும்பாலும் அம்மோனியமாகவே தங்கும். நெல்வேர் அதை இப்புரதங்களால் உறிஞ்சுகிறது.

மனித ஆர்எச்சிஜி புரதத்தின் வடிவம் 2010-ல் வெளிவந்தது. கடப்பது அம்மோனியாவா, அயனியா என்ற வழக்கில், அயனி வாசலில் பிரிந்து புரோட்டான் தனிப்பாதையில் செல்கிறது என 2020-ல் ஓர் ஆய்வு முன்வைத்தது.