தஞ்சைக்கு வந்த புது ஆறு

தஞ்சாவூர் என்றதும் காவிரியே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் காவிரி தஞ்சை நகருக்குள் ஓடுவதில்லை. வடக்கே திருவையாற்றைத் தழுவிச் செல்கிறது. நகரிலிருந்து அங்கே போகிறவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகிய நான்கையும் கடந்த பிறகே காவிரியைக் காண்பார்கள். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயில் மேட்டுப் பாங்கான நிலத்தில் எழுந்தது. பிற்கால அரசர்களும் மழைநீரை ஏரியிலும் சிவகங்கைக் குளத்திலும் தேக்கியே ஊரைக் காத்தனர்.

நகரின் நடுவே இன்று ஓடும் ஆறு மனிதர் வெட்டியது. சென்னை, மைசூர் அரசுகள் 1924இல் செய்துகொண்ட உடன்படிக்கையை அடுத்து, 1925இல் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. அத்திட்டத்தின் மற்றொரு கூறே கல்லணைக் கால்வாய். மக்கள் அதற்கு இட்ட பெயர் புது ஆறு. கல்லணையில் பிரிந்து, மேட்டு நிலத்தின் சரிவை ஒட்டித் தஞ்சையை ஊடறுத்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டம் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் செல்கிறது. மழையை நம்பிக் கிடந்த சுமார் 2.27 லட்சம் ஏக்கர் அதனால் பாசனம் பெற்றது.

ஆக, இந்நீர் தஞ்சைக்காகக் கொணரப்பட்டதன்று. தஞ்சை வழியாகச் செல்வது. இவ்வுண்மையை நகரத்தார் எளிதில் மறந்துவிடுகிறோம். நீர் வரும் மாதங்களில் படித்துறையில் குளித்து மகிழ்கிறோம். வறண்ட மாதங்களில் அதே ஆற்றில் குப்பையைக் கொட்டுகிறோம். அடுத்த திறப்பில் அது யாருடைய வயலுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணுவதில்லை.

2021இல் கால்வாயைப் புதுப்பிக்கும் பெருந்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரையும் தரையும் கான்கிரீட்டாகும் என்றதும் உழவர்கள் பலர் எதிர்த்தனர். தரையை மூடினால் நிலத்தடி நீர் ஊறாது, கிணறுகள் வற்றும் என்பது அவர்கள் அச்சம். கசிவு குறைந்தால்தான் கடைமடைக்கு நீர் எட்டும் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

பிற நாட்டார் அனுபவமும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆல்ப்ஸ் மலையில் பிறந்து ஜெர்மனியின் மியூனிக் நகரைக் கடக்கும் ஈசார் ஆற்றை, வெள்ளத்துக்கு அஞ்சி ஒருகாலத்தில் நேராக்கிக் கரைகட்டி அடக்கினார்கள். பின்னர் 2000 முதல் 2011 வரை உழைத்து, 8 கிலோமீட்டர் தொலைவுக்கு அக்கட்டுகளைத் தளர்த்தி, கூழாங்கல் திட்டுகளோடு பழைய போக்கை மீட்டளித்தார்கள். வெள்ளத்துக்கு இடம் விடுவதே காப்பு என்று கண்டார்கள். ஈசார் இயற்கை ஆறு. நம்முடையது பாசனக் கால்வாய். ஈசாருக்குச் செய்ததை அப்படியே இதற்குச் செய்ய இயலாது. ஆயினும் கரையை இறுக்குமுன் அதனால் இழப்பது எது என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

ஆற்றங்கரையில் பிறந்த ஊர்கள் பல. தஞ்சையோ, தான் பிறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் ஆற்றைப் பெற்றது. அதுவும் பிறர் பங்கைச் சுமந்து வரும் ஆறு. வழியில் இருப்பவன் பிறர் பங்கைக் கெடுக்காமல் அனுப்புவதே முறை. பேராவூரணி வயலில் பாயும் நீர் தூயதாக இருந்தால், தஞ்சை தன் கடனைச் செய்தது என்று பொருள்.