மும்முறை தட்டப்படும் கதவு

இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையில், நாடாளுமன்றக் கூட்டத்தொடரை மன்னர் தொடங்கி வைக்கும் நாளில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. பிரபுக்கள் சபையின் அரியணையில் அமர்ந்த மன்னர், மக்கள் சபை உறுப்பினர்களை அழைத்துவரத் தூதர் ஒருவரை அனுப்புகிறார். கருங்கோல் ஏந்திய அத்தூதர் நெருங்கியதும், மக்கள் சபையின் கதவு அவர் முகத்தெதிரே சாத்தப்படுகிறது. கோலால் மும்முறை தட்டிய பின்னரே அது திறக்கிறது. வெளிநாட்டார்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், பிரித்தானிய நாடாளுமன்றம் இயங்கும் முறையின் உட்பொருள் அக்கதவில் அடங்கியுள்ளது.

முதலாம் சார்லஸ் மன்னர் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். போர்க்காலத்தில் கடற்கரை ஊர்கள் செலுத்திவந்த கப்பல் வரியை, நாடாளுமன்றத்தின் இசைவின்றி உள்நாட்டு ஊர்களுக்கும் விரித்தார். ஜான் ஹாம்டன் என்னும் நிலக்கிழார் அதனைச் செலுத்த மறுத்தார். வழக்கிற்குரிய தொகை 20 ஷில்லிங் மட்டுமே. 12 நீதிபதிகளுள் எழுவர் மன்னர் பக்கம் நின்றனர். எனினும், ஸ்காட்லாந்துப் போருக்குப் பொருளின்றி, 1640இல் மன்னர் நாடாளுமன்றத்தைக் கூட்ட நேர்ந்தது.

1642 ஜனவரி 4ஆம் நாள், ஹாம்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைச் சிறைபிடிக்க, வீரர்கள் புடைசூழ வந்த மன்னர் மக்கள் சபைக்குள் நுழைந்தார். ஐவரும் முன்னரே அகன்றிருந்தனர். அவர்கள் எங்கே என மன்னர் வினவியபோது, மண்டியிட்ட சபாநாயகர் வில்லியம் லெந்தால், சபை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என்று பணிவுடன் மறுத்தார். அதன்பின், சபை கூடியிருக்கையில் எந்த மன்னரும் அங்கு அடிவைத்ததில்லை.

ஆயினும், கதவு மட்டுமே காவலாகிவிடவில்லை. மன்னரை வென்ற படையைக் கொண்டே 1653இல் கிராம்வெல் உறுப்பினர்களை வெளியேற்றினார். ஆகவே, கதவுக்குப் பின்னே சட்டமும் நிற்க வேண்டியதாயிற்று. நாடாளுமன்றம் இசையாத வரி செல்லாது. அவையில் பேசிய பேச்சை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் வரையறுத்தது. நிதி மசோதாவைப் பிரபுக்கள் சபை ஒரு மாதத்திற்குமேல் தாமதிக்கவியலாது என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இன்று 650 உறுப்பினர் கொண்ட மக்கள் சபையின் நம்பிக்கையே அரசின் உயிர். 1979 மார்ச் 28 இரவு, ஜேம்ஸ் காலகனின் அரசு 311க்கு 310 என ஒரே வாக்கில் வீழ்ந்தது. படை எதுவும் வரவில்லை, தேர்தல் வந்தது. 2019இல் போரிஸ் ஜான்சனின் அரசு நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்கச் செய்தபோது, அது சட்டத்திற்கு மாறானதென உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறுநாளே சபை கூடியது. ஹாம்டன் காலத்து நீதிமன்றத்திற்கும் இதற்கும் உள்ள தொலைவே அந்நாடு கடந்து வந்த வழியாகும்.

கதவு திறந்தபின் உறுப்பினர்கள் சென்று மன்னரின் உரையைக் கேட்கின்றனர். அவ்வுரையை எழுதித் தருவோர் அமைச்சர்கள். அதில் கூறியவற்றை நிறைவேற்றும் பணத்திற்கோ, அவ்வமைச்சர்கள் மீண்டும் அக்கதவுக்குள்தான் வந்து கேட்க வேண்டும்.