குழாயை மாத்தலாம், கிணத்தை?

உரோமர் ஈயக் குழாயில் தண்ணி கொண்டுபோனார்கள். மண்குழாயே நல்லதென்று விட்ருவியஸ் அப்போதே எழுதினார். 2014இல் அமெரிக்காவின் பிளின்ட் நகரம் ஆற்றுத் தண்ணிக்கு மாறியபோது, பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. நிலத்தைத் தோண்டிக் குழாய்களை மாற்றினார்கள்.

எங்கட யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. துலாக் காலத்திலும் மோட்டர் காலத்திலும் நாங்கள் குடித்தது, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணியைத்தான். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் அதில் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தாச்சு. குழாய்த்தண்ணி வருகுது எண்டு கிணத்தை மறக்கலாமோ? பழுதான குழாயைக் கழற்றிப் புதிசு போடலாம். நிலத்துக்குக் கீழ இருக்கிற கல்லை மாத்த ஏலாது.