துகளைத் தேடும் டாக்டர் பட்டம்

கொச்சங்காடியிலும் அதனையொட்டிய மட்டாஞ்சேரித் தெருக்களிலும் வாழும் நம்மவர்க்கு மிளகுக் கிடங்குகள் புதியவையல்ல. சரக்கு ஒரு கிடங்கில் அடங்காதபோது வணிகர் அதனைப் பல கிடங்குகளில் பிரித்து வைப்பர். கணக்கு மட்டும் ஒன்றாகவே இருக்கும். அணுத்துகள் ஆராய்ச்சியும் இன்று இந்நிலையை எய்தியுள்ளது.

முன்னாளில் டாக்டர் பட்டத்திற்கு இத்துணைச் சரக்கு வேண்டியதில்லை. கொச்சிக்குத் தெற்கே, கோட்டயத்தையடுத்த பள்ளத்தில் 1931-இல் பிறந்தவர் இ. சி. ஜார்ஜ் சுதர்சன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அமெரிக்காவின் ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் 1958-இல் பட்டம் பெற்றார். அணுக்கரு சிதையும்போது தொழிற்படும் மென்விசையின் இயல்பை 1957-இல் ஆசிரியர் மார்ஷக்குடன் அவர் வகுத்தார். அதற்கு வேண்டியிருந்தவை பிறர் செய்த சோதனைகளின் முடிவுகளும், காகிதமும், எழுதுகோலுமே. தம் கொள்கைக்கு மாறான நான்கு சோதனைகளை மீண்டும் செய்து பார்க்கவேண்டுமென்று கூறும் துணிவும் இருவர்க்கும் இருந்தது. மீண்டும் செய்தபோது கொள்கையே வென்றது!

தமிழ்த் தொழிலாளர் பெருவாரியாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் தென்பட்டன. அவையும் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் மோதுபொறியோ வேறு வகை. நொடிக்குக் கோடிக்கணக்கான மோதல்கள். பெரும்பாலனவற்றைக் கழித்த பின்னரும் எஞ்சுவது ஓரிடத்தில் அடங்காது. ஆகவே நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ 170 நிலையங்களின் கணிப்பொறிகளை ஒரே வலையாகப் பிணைத்தனர். மும்பையும் கொல்கத்தாவும் அவற்றுள் அடங்கும். இவ்வலையின் நடப்பைக் கண்காணிக்கும் ‘கிரிட்வியூ’ என்னும் கருவியை ஆக்கியதில் நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார்க்கும் பங்குண்டு.

இதிலுள்ள நுட்பம் எளியது. சரக்கை மாணவரிடம் கொணர்வதில்லை. மாணவர் எழுதிய கணக்கு நிரலே சரக்கு உள்ள ஊருக்குச் சென்று விடையோடு மீளும். நிரல் இடையில் பழுதுபட்டால் பௌதிகமும் அங்கே நின்றுவிடும். ஆதலின் ஆராய்ச்சி மாணவர் இரு தொழிலும் கற்கவேண்டியவராகிறார்.

2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் துகளின் செய்தி வெளியாயிற்று. அதன் நிறையைக் குறித்து 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்; 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களும் நிறுவனங்களுமே! இக்கூட்டத்தில் ஒரு மாணவரின் உழைப்பை எவ்வாறு பிரித்தறிவது? சுதர்சனின் தேர்வாளருக்கு இவ்வினா எழுந்திராது. இன்றைய தேர்வாளர், எந்தப் பகுப்பாய்வு உம்முடையது, எந்த நிரலை நீர் எழுதினீர் என்றே முதலில் கேட்கவேண்டியிருக்கிறது.