எந்தப் பள்ளியில் சேர்ப்பது? சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோரின் தெரிவும் தமிழ்க் கல்வியின் வரலாறும்

சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளிகள் ஏன் மூடப்பட்டன என்னும் வினா எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் ஆயத்தமாக வந்து நிற்கும். அரசு கைவிட்டது என்பது ஒன்று. பெற்றோர் கைவிட்டனர் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் குற்றவாளியைத் தேடும் நோக்கோடு வரலாற்றை அணுகினால், அதிலிருந்து கற்க வேண்டியதைக் கற்காமலேயே திரும்பிவிடுவோம். ஒரு தந்தையும் தாயும் தம் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் கண்முன் இருந்தவை யாவை? எதனை எதனோடு ஒப்பிட்டனர்? அவர்கள் எடுத்த முடிவு மொழியின் வாழ்வை எவ்வாறு மாற்றியது? இம்மூன்று வினாக்களையும் இவ்வுரையில் ஆராய்கிறோம்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. தனியார் பள்ளி என்றதும், மிகுந்த கட்டணம் பெற்று மிகுந்த வசதிகள் தரும் பள்ளியே இன்று நம் நினைவுக்கு வருகிறது. போருக்கு முந்திய சிங்கப்பூரில் தமிழருக்கு அச்சொல்லின் பொருள் வேறு. சமூக அமைப்புகளும் சமய அமைப்புகளும் தம் முயற்சியால் நடத்திய சிறு பள்ளிகளே அன்றைய தனியார் தமிழ்ப் பள்ளிகள். அரசுப் பள்ளியும், அரசின் மானியம் பெற்ற கிறித்துவ சமயப் பரப்பு அமைப்புகளின் பள்ளியும் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகள். ஆகவே தனியார் பள்ளியா, அரசு சார்ந்த பள்ளியா என்னும் கேள்வி தமிழ்ப் பெற்றோருக்கு ஏறத்தாழத் தமிழா, ஆங்கிலமா என்னும் கேள்வியாகவே வந்து சேர்ந்தது. இந்தப் பிணைப்பு முடிச்சை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

வாயிலில் தமிழ், உள்ளே ஆங்கிலம்

சிங்கப்பூரில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் மிகப் பழையது. 1834இல் சிங்கப்பூர் இலவசப் பள்ளி தொடங்கப்பட்டபோது ஆங்கிலத்தோடு தமிழ் வகுப்பும் அதில் இடம்பெற்றது. ஆனால் அவ்வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1873இலும் 1876இலும் ஆங்கிலோ தமிழ்ப் பள்ளிகள் தோன்றின. தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழின் துணையோடு ஆங்கிலக் கல்விக்கு இட்டுச் செல்வது அவற்றின் நோக்கம். அவையும் தமிழ்ப் பள்ளிகளாக நிலைபெறவில்லை. 1887இல் சோபியா பிளாக்மோர் அம்மையார் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்னும் ஆங்கிலப் பள்ளியாயிற்று.

இம்மூன்று தொடக்கங்களிலும் ஒரு பொதுமை உண்டு. தமிழ் வாயிலாக அமைந்தது. ஆங்கிலம் வீடாக அமைந்தது. பிள்ளையை உள்ளே அழைத்துவரத் தமிழ் வேண்டியிருந்தது. உள்ளே வந்தபின் அதன் பணி முடிந்ததாகக் கருதப்பட்டது. குடியேற்ற நாட்டு ஆட்சிக்கு எழுத்தரும் கணக்கரும் மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டனர். அவ்வேலைகளுக்கு ஆங்கிலமே சீட்டு. பெற்றோர் இதனைக் கண்டறிய ஆய்வறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. துறைமுகத்தில் சுமை தூக்கியவர்க்கும், அங்கேயே மேசையருகில் அமர்ந்து கணக்கெழுதியவர்க்கும் கிடைத்த ஊதிய வேறுபாடே போதுமானதாக இருந்தது.

தீபகற்பத்தின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அங்கே, பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்த தோட்டங்களில் நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. அப்பள்ளிகளின் தரம் குறைவாக இருப்பினும், தமிழ்ப் பிள்ளைகள் ஒரே இடத்தில் வாழ்ந்தமையாலும் வேறு பள்ளி அருகில் இல்லாமையாலும் அவை நிலைத்தன. சிங்கப்பூரோ நகரம். இங்கே தமிழ்ப் பள்ளிக்கு எதிர்த் தெருவிலேயே ஆங்கிலப் பள்ளி இருக்கக்கூடும். எனவே தெரிவு என்பது இங்கே அன்றாட உண்மையாக இருந்தது.

பெற்றோரின் விருப்பம் கொள்கையான காலம்

போர் முடிந்தபின் தமிழ்க் கல்வியில் ஒரு புத்தெழுச்சி ஏற்பட்டது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி, சமய வேறுபாடின்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமளித்தது. பெருஞ்செல்வர் ஒருவர் எழுப்பிய மாளிகையன்று அது. உழைக்கும் மக்கள் தம் பிள்ளைகளுக்காகக் கூடி உண்டாக்கிய பள்ளி.

அடுத்த ஆண்டு, 1947இல், குடியேற்ற அரசின் பத்தாண்டுக் கல்வித் திட்டம் ஏற்கப்பட்டது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றுள் பெற்றோர் விரும்பும் மொழியில் இலவசத் தொடக்கக் கல்வி அளிப்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. பெற்றோரின் விருப்பம் என்பது அன்றுதான் கல்விக் கொள்கையின் சொல்லாக நிலைபெற்றது. 1956இல் சீனக் கல்வி பற்றி ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிப் பிரிவுகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதன் வழியில் அமைந்தது. 1960 முதல் தொடக்கப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் அது கட்டாயமாயிற்று.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. சட்டம் தமிழுக்குச் சம இடம் கொடுத்த அந்த ஆண்டுகளில் தமிழ்ப் பள்ளிகள் நிரம்பி வழிந்திருக்க வேண்டும் என்று எண்ணுவோம். ஆனால் 1959இல், சிங்கப்பூரின் மொத்த மாணவருள் தமிழ்ப் பிரிவில் பயின்றோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அக்காலத்து மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர். குடும்பமின்றி வாழ்ந்த ஆடவரும் அவர்களுள் பலர். இவற்றையெல்லாம் கழித்த பின்னரும், இந்தியப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பான்மையோர் அதற்கு முன்பே ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றுவிட்டனர் என்பது தெளிவு. தமிழ்ப் பள்ளிகள் 1980களில் திடீரென வீழ்ந்தன என்று கருதுவது பிழை. பெற்றோரின் தீர்ப்பு அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

படிகள் முடிந்துபோகும் ஏணி

அத்தீர்ப்பு மொழிப்பற்றின்மையால் எழுந்ததா? நாம் அவ்வாறு கருதவில்லை. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசை வாங்கிப் படித்தவர்களும், 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்குத் தம் சிறு ஊதியத்திலிருந்து கொடுத்தவர்களும் இதே பெற்றோர்தாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்கும் தமிழ் நூல்களுக்கும் துணைநின்ற அம்முயற்சி தமிழ்ப் பற்றின் உச்சம் எனலாம். அத்துறை 1956இல் சிங்கப்பூரில் தோன்றிப் பின்னர்க் கோலாலம்பூர் வளாகத்துக்குச் சென்றது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழை ஆய்ந்து பட்டம் பெறுவதற்கும் ஆங்கிலப் பள்ளி வழியே செல்ல வேண்டியிருந்தது. நிதிக்கு மனமுவந்து கொடுத்த தந்தை, மறுநாள் தம் மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்ததில் முரண்பாடு ஏதும் இல்லை.

சீனப் பெற்றோரின் நிலையோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். அவர்களுக்குத் தொடக்கப்பள்ளி இருந்தது, உயர்நிலைப் பள்ளிகள் பல இருந்தன, 1956 முதல் நன்யாங் பல்கலைக்கழகமும் இருந்தது. சீனம் பேசும் வணிகப் பரப்பும் வேலை தந்தது. அவ்வாறிருந்தும் 1950களின் நடுப்பகுதியிலிருந்தே அச்சமூகத்திலும் ஆங்கிலப் பள்ளிப் பதிவுகள் பெருகின. தமிழ்ப் பிள்ளைக்கோ தொடக்கநிலைக்கு மேல் படியே இல்லை. 1960இல் உமறுப் புலவர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டபோது ஒரு படி கூடியது. அதற்கு மேல் எட்டுவதற்கு எதுவும் இல்லை. பாதியில் நின்றுபோகும் ஏணியில் தம் பிள்ளையை ஏற்றிவிட எந்தப் பெற்றோரும் தயங்குவர்.

மேலும் மூன்று காரணங்கள் சேர்ந்துகொண்டன. முதலாவது, பாடநூல். போருக்கு முன் இந்தியாவிலிருந்து வந்த நூல்களே தமிழ்ப் பள்ளிகளில் வழங்கின. பிள்ளை தான் காணாத ஆறுகளையும் அறியாத ஊர்களையும் பற்றிப் படித்தது. தான் வாழும் தீவைப் பற்றிய செய்தி நூலில் அரிதாயிற்று. இரண்டாவது, குடிபெயர்வு. பிரித்தானியப் படைகள் விலகும் என்று 1968இல் அறிவிக்கப்பட்டு, 1971இல் பெரும்பகுதி விலகியபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த இந்தியக் குடும்பங்கள் பல தாயகம் திரும்பின. மூன்றாவது, வீடு. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் பெருகப் பெருக, ஒரே தெருவில் கூடி வாழ்ந்த தமிழர் தீவெங்கும் பரவினர். நடந்து செல்லும் தொலைவில் இருந்த தமிழ்ப் பள்ளி, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவுக்குப் போயிற்று. ஏழு வயதுப் பிள்ளையின் தாய்க்கு இக்கடைசிக் காரணமே முதற் காரணமாக இருந்திருக்கக்கூடும். மொழிக்கொள்கையை ஆராய்வோர் பேருந்து வழித்தடத்தையும் சேர்த்து ஆராய வேண்டும்.

1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. அத்தோடு தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் காலம் சிங்கப்பூரில் முடிவுற்றது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கில வழிக்கு மாறின.

இழந்தது எது, பெற்றது எது

இழப்பை மறைக்க வேண்டியதில்லை. கணக்கும் அறிவியலும் வரலாறும் தமிழில் பேசப்பட்ட ஒரு களம் மறைந்தது. மொழியியலார் பார்வையில் ஒரு மொழி எத்தனை பேரால் அறியப்படுகிறது என்பதைவிட, எத்தனை களங்களில் அது இயல்பாகப் புழங்குகிறது என்பதே அதன் உயிர்நிலை. தமிழ்ப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் விளையாட்டுத் திடலிலும் சிற்றுண்டிச் சாலையிலும் தமிழ் புழங்கியது. வாரத்தில் சில பாடவேளைகள் அதற்கு ஈடாகா.

பெற்றதும் உண்டு. தமிழ்ப் பள்ளி, தன்னிடம் வந்த சிலருக்கே தமிழ் கற்பித்தது. இருமொழிக் கொள்கையோ ஆங்கிலப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுக்கும் தமிழைக் கொண்டு சேர்த்தது. 1983இல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அமைந்தபோது, தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளின் மாணவரும் ஓரிடத்தில் கூடிப் பயில வழி பிறந்தது. சமூகம் எழுப்பிய பள்ளியின் பெயர் அரசின் நிலையத்திற்கு வந்தது வெறும் நினைவுச் சின்னமன்று. தனியார் முயற்சி ஏற்றிய விளக்கைப் பொதுக் கல்வி கையேற்றதன் அடையாளம் அது.

ஆயினும் பள்ளி கையேற்றதை வீடு கைவிட்டுவிடக்கூடும். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவதாகக் கூறிய இந்தியர் 36.7 விழுக்காடு. 2020இல் அது 29.2 விழுக்காடு. பாடமாகத் தமிழ் பாதுகாப்பாக இருக்கும் காலத்திலேயே பேச்சாகத் தமிழ் சுருங்குகிறது. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்ததன் பின்னணி இதுவே. வீட்டில் பேசாத மொழியின் எழுத்து வழக்கை மட்டும் கற்பது, நீரில் இறங்காமல் நீச்சல் இலக்கணம் படிப்பதற்கு ஒப்பாகும்.

இன்றைய தெரிவு

பள்ளித் தெரிவு என்னும் கேள்வி முடிந்துவிடவில்லை. அது பாலர் பள்ளிக்கு இறங்கி வந்திருக்கிறது. இன்று மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோர் தனியார் பாலர் பள்ளிகளையும் அரசின் பாலர் பள்ளிகளையும் ஒப்பிடுகின்றனர். கட்டணம், முழுநாள் பராமரிப்பு, பணியிடத்துக்கு அண்மை, பள்ளியின் பெயர் ஆகியன தராசில் ஏறுகின்றன. தனியார் பாலர் பள்ளிகள் பலவற்றில் தமிழ் இல்லை. 2014 முதல் செயற்படும் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளிலோ மூன்று அதிகாரத்துவத் தாய்மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன.

இந்தத் தலைகீழ் மாற்றத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் தனியார் பள்ளி என்றால் தமிழ், அரசு சார்ந்த பள்ளி என்றால் ஆங்கிலம். இன்று தமிழை நாடும் பெற்றோர் அரசின் வாயிலில் நிற்கின்றனர். முடிச்சு அவிழ்ந்து, மறுபக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இதிலிருந்து ஒன்று புலனாகிறது. தமிழின் வாழ்வு தனியார் பள்ளியோடோ அரசுப் பள்ளியோடோ இயல்பாகப் பிணைந்ததன்று. வாய்ப்பும் அண்மையும் தொடர்ச்சியும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே பெற்றோர் செல்வர். மொழியும் அவர்களோடு செல்லும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் நாளைய ஆசிரியர்களாகிய மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. தமிழைத் தெரிவு செய்யாத பெற்றோரை எதிர்கொள்ளும்போது, பற்றில்லாதவர் என்று முடிவு கட்டுவதற்கு முன், ஏணியின் எந்தப் படி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கேட்டறிக. பள்ளி தொலைவா, நேரம் ஒவ்வாதா, மேல்வகுப்பில் தொடர வழி தெரியவில்லையா என்று வினவுக. 1946இல் தஞ்சோங் பகாரில் கூடிய உழைப்பாளர்கள், பிள்ளை எளிதில் நடந்து செல்லும் தொலைவில் ஒரு பள்ளி வேண்டும் என்பதைக் கண்டுகொண்டு அதை எழுப்பினார்கள். அவர்கள் எழுப்பிய பள்ளி இன்று இல்லை. அவர்கள் கண்டுகொண்ட தேவை இன்னும் இருக்கிறது.